முந்திய விரல்

நெற்றி மேசையில் மோதும் முன் தையல்காரி தன் உள்ளங்கையை இடையில் கொடுத்துவிட்டாள். ஆறு வயதுச் சிறுமி நிமிர்ந்து, 'போதும்' என்று எழுதிய அட்டையைத் தொட்டாள். சிறுமி கோர்த்துக்கொண்டிருந்த மணிகளைத் தையல்காரி ஒதுக்கிவைத்து இரண்டு நிமிடம் ஓய்வு கொடுத்தாள். தாளில் ஒரு கோடு போட்டாள்.

கண்ணாடித் தடுப்புக்கு அப்பால் மேற்பார்வையாளர் அம்மா உட்கார்ந்திருந்தார். இன்று அவர் கையெழுத்துப் போட்டால் தையல்காரியின் பயிற்சி முடிந்தது. இப்படிப்பட்ட குழந்தைகளின் நடத்தையைக் கணக்கெடுத்து மாற்றும் நடத்தை ஆய்வாளர் வேலைக்குத் தேர்வு எழுதலாம். பன்னிரண்டு வருடம் ஆயத்த ஆடைக் கடையில் தைத்துவிட்டு, முப்பத்தெட்டு வயதில் கல்லூரிக்குப் போனவள் அவள். தையல்காரி என்ற பட்டப்பெயர் மட்டும் கூடவே வந்துவிட்டது. "இத்தன நாள் துணிய அளந்த, இனி அழுகைய அளக்கப் போறியா?" என்று சிரித்த புருஷன்தான் புத்தகங்களுக்கு அட்டை போட்டுக் கொடுத்தான்.

வேலை பிடிக்காதபோது சிறுமி தலையை முட்டிக்கொள்வாள். மூன்று வாரமாக அது குறைந்துகொண்டே வந்தது. முட்டுவதை விட்டு, அட்டையைத் தொட்டு ஓய்வு கேட்கப் பழகிவிட்டாள் என்றது வரைபடம்.

நாலாவது முறை தொட்டபோதுதான் தையல்காரிக்கு உறைத்தது. சிறுமியின் கண் அட்டையில் இல்லை, இவள் விரலில் இருந்தது. குழந்தை முகம் சுளிக்கும் முன்பே, தன்னையறியாமல் இவள் விரல் அட்டைப் பக்கம் நகர்ந்திருந்தது. மூன்று வாரமும் இப்படித்தான் நகர்ந்திருக்கும்.

கண்ணாடிப் பக்கம் இவள் முதுகுதான் தெரியும். வாயை மூடிக்கொண்டிருந்தால் கையெழுத்து கைக்கு வந்துவிடும்.

மேசைமேல் மெத்தையை விரித்தாள். இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் அமுக்கிக்கொண்டாள். சிறுமி விரலைத் தேடினாள். கத்தினாள். மெத்தையில் இரண்டு முறை முட்டினாள். பிறகு, அவள் கையே தட்டுத்தடுமாறி அட்டையில் விழுந்தது. உடனே ஓய்வு கொடுத்தாள் தையல்காரி.

வெளியே வந்ததும் வரைபடத்தை நீட்டினாள்.

"மூணு வாரக் கணக்கு செல்லாதும்மா. நான்தான் கை காட்டியிருக்கேன். கடைசியா தொட்டது மட்டும்தான் அவளோடது."

"அப்ப இன்னிக்குக் கையெழுத்து இல்ல."

"தெரியும்மா."

மேற்பார்வையாளர் பேனாவை மூடினார். "என் கண்ணுலயே படல. நீ சொல்லலன்னா போட்டிருப்பேன்." ஒரு மாதம் கழித்து வருவதாகச் சொல்லிக் கிளம்பினார்.

வீட்டில், தேர்வு தள்ளிப்போயிற்று என்று அவள் சொன்னது பரிசு வாங்கிவந்தவள் சொல்வதுபோல் இருந்தது. புருஷன் முழுக்கக் கேட்டான். பிறகு சட்டையை மாட்டிக்கொண்டு, பக்கத்து வீட்டில் பெருமையாகச் சொல்லப் போனான்.

மறுநாள் ஒன்பது மணிக்கு வேலை தொடங்கியது. புதுத் தாள். முட்டியது பதினொன்று. அட்டையைத் தொட்டது இரண்டு. தையல்காரி இரண்டு என்று எழுதினாள்.