மூட்டத்தில் அத்தையின் குரல்

பத்தாம் வகுப்போடு நின்றவள் நான். ரேஷன் கடையில் கையெழுத்துப் போடவே கூச்சப்படுகிறவள் இதை எழுத உட்கார்ந்திருப்பது அதிகப்பிரசங்கித்தனம்தான், பொறுத்துக்கொள்ளுங்கள். போன வாரம் என் மகள் கைபேசியில் பாடம் கேட்டுவிட்டு, "செவுத்துக்கிட்ட பேசற மாதிரி இருக்குதும்மா" என்று சலித்துக்கொண்டாள். என் அத்தை இதைவிட நன்றாகச் சொல்லியிருக்கிறார் என்று வாய்வரை வந்தது. சொல்லவில்லை. அதனால் எழுதுகிறேன்.

அத்தை என் அப்பாவின் தங்கை. குன்னூருக்குக் கீழே ஓர் எஸ்டேட்டில் கொழுந்து பறித்துக்கொண்டே தபால் வழியில் பி.ஏ. படித்தார். அதே எஸ்டேட்டின் ஃபேக்டரியில்தான் அப்பாவுக்கு வேலை. வாத்தியாரே இல்லாத படிப்பு என்ன படிப்பு என்பது அவர் கட்சி. மேட்டுப்பாளையத்திலிருந்து பெண் கேட்டு வந்தவர்களும் படிப்பை நிறுத்தச் சொன்னார்கள். சனி, ஞாயிறு குன்னூரில் நேர்முக வகுப்பு என்று அட்டை வந்ததும் அப்பா தீர்ப்புச் சொன்னார்.

"சனிக்கெழமை போய்ட்டு வா அம்மிணி. வாத்தியார்னு ஒருத்தர் நெசமாவே இருந்து சொல்லிக் குடுத்தா ஞாயித்துக்கெழமையும் போ. இல்லீனா இதோட நிறுத்திக்கோணும்."

சாட்சிக்கு என்னை அனுப்பினார். நான் அப்போது மூன்றாம் வகுப்பு.

வாத்தியார் இருந்தார். ஆனால் புத்தகத்தைத் திறக்கவே இல்லை. "இந்தத் தபால் படிப்பு எதைப் போல இருக்கு? ஆளுக்கு ஒண்ணு சொல்லுங்க" என்றார். இதைப் பாடம் என்று அப்பா ஒத்துக்கொள்வாரா என்று நான் அத்தையைப் பார்த்தேன்.

அவலாஞ்சி அணையில் வேலை பார்க்கும் மீசைக்காரர் எழுந்தார். "ரேடியோவுங்க. அவிங்க பேசறது நமக்குக் கேக்கும். நாம கத்துனாலும் அவிங்களுக்குக் கேக்காது."

தேயிலைக் கம்பெனி கிளார்க் ஒருவர், "பந்தியில கடைசி எலையில உக்காந்தாப்பல சார். சாம்பார் வந்து சேர்றப்ப ஆறிப் போயிருக்கும்" என்றார்.

அடுத்தது அத்தை. மெதுவாக எழுந்து முந்தானையைச் சரிசெய்துகொண்டிருந்தார். "எஸ்டேட் அக்கா, வேலைச் சங்கு ஊதிருவாங்க, வெரசா சொல்லுங்க" என்று பின்னால் ஒரு குரல் கிண்டல் செய்தது.

"மூட்டத்துல கொழுந்து எடுக்கறாப்பலங்க சார்" என்றார் அத்தை. "பக்கத்து நிரையில நிக்கறது ஆளா, காட்டெருமையான்னு தெரியாது. அதுக்குத்தான் கொரல் குடுத்துட்டே எடுப்போம். பதில் கொரல் வந்தா பயமில்லைங்க."

"உங்களுக்குப் பதில் வருதா?"

"வருதுங்க. ஆறு மாசங்கழிச்சு, நான் எழுதி அனுப்புன தாள்ல, செவப்பு மையில. ஆளை இன்னிக்குத்தான் பாக்கறேன்."

வகுப்பே சிரித்தது. வாத்தியாரும் சிரித்துக்கொண்டே திரும்பி, அத்தை சொன்னதைக் கரும்பலகையில் எழுதினார்.

சாயங்காலம் அப்பா என்னை எதிரில் நிறுத்தினார்.

"வாத்தியார் இருந்தாரா கண்ணு?"

"இருந்தாருங்கப்பா."

"என்ன சொல்லிக் குடுத்தாரு?"

அடுப்படியில் அத்தை பாத்திரத்தைக்கூட அசைக்கவில்லை. எனக்குப் பொய் வரவில்லை. "ஒண்ணும் சொல்லிக் குடுக்கலீங்கப்பா. படிக்க வந்தவங்களைத்தான் சொல்லச் சொன்னாரு" என்று ஆரம்பித்து, ரேடியோவிலிருந்து சிவப்பு மை வரை ஒப்பித்தேன்.

"போர்டுல எழுதுனாரா? இவ சொன்னதையா?"

"ஆமாங்கப்பா."

"சாக்பீஸ்லயா?"

"ஆமாங்கப்பா."

"மறுக்கா சொல்லு."

சொன்னேன். அப்பா பக்கத்து வீட்டு மாமாவை அழைத்துவந்து, அவர் முன்னாலும் சொல்லச் சொன்னார். பிறகு வாட்ச்மேனைக் கூப்பிட்டார். "மொதல்ல இருந்து சொல்லு கண்ணு, ரேடியோக்காரன்ல இருந்து." திருடனைப் போலீஸ்காரர்கள் இப்படித்தான் திரும்பத் திரும்பக் கேட்பார்களாம், சொன்னது மாறுகிறதா என்று பார்க்க. ஒரு வார்த்தை பிசகினாலும் அத்தையின் படிப்பு போய்விடும் என்று, கையை இறுக்கிக் கட்டிக்கொண்டு நான் சொல்லிக்கொண்டே இருந்தேன். சிவப்பு மை வரும் இடத்தில் எனக்கு முன்பே அப்பாவின் உதடு அசைந்தது. தமக்கே மனப்பாடமாகிவிட்டதை ஏன் இன்னும் என்னைச் சொல்லச் சொல்கிறார் என்று எனக்குப் புரியவில்லை.

மறுநாள் காலை முதல் பஸ்ஸில் அத்தையும் நானும் குன்னூர் போனோம். அன்று வாத்தியார் பாடம் நடத்தினார்.