ஒரே முகவரியில் இரண்டு இயந்திரங்கள்

‘இதை இடம் மாற்றினாயா, நகல் எடுத்தாயா?’ என்று திரையில் ஒரு கேள்வி வந்து நின்றது. ஒரகடத்தில் கார் உதிரிபாகத் தொழிற்சாலை ஒன்றின் கணினிப் பிரிவில் நான் சேர்ந்த புதிது. ‘இடம் மாற்றினேன்’ என்று ஒரு அமுக்கு அமுக்கிவிட்டு டீ குடிக்கப் போய்விட்டேன். அடப்பாவி, படித்தாவது பார்த்திருக்கக் கூடாதா!

ஒரே சர்வருக்குள் உடம்பில்லாத கணினிகள் பல ஓடும். மெய்நிகர் இயந்திரங்கள் என்போம். உடம்பு இல்லாவிட்டாலும் ஒவ்வொன்றுக்கும் தனி வன்பொருள் முகவரி வேண்டும். அதைப் பார்த்துத்தான் நெட்வொர்க் தகவலைக் கொண்டுபோய்ச் சேர்க்கும். முதல் உற்பத்தி லைனின் லேபிள் வேலையைப் பார்க்கும் மெய்நிகர் இயந்திரத்தை நகலெடுத்து இரண்டாவது லைனுக்குக் கொடுத்திருந்தேன். நகல் என்று உண்மையைச் சொல்லியிருந்தால் அதற்குப் புது முகவரி கிடைத்திருக்கும். இப்போதோ இரண்டும் ஒரே முகவரியில் ஓடின; தகவல் ஒரு நேரம் இதற்குப் போகும், ஒரு நேரம் அதற்குப் போகும்.

மறுநாள் காலை, லேபிளைப் படித்து அந்த இயந்திரத்துக்கு அனுப்பும் முதல் லைன் ஸ்கேனர் நின்று நின்று ஓடியது. அதைப் பிடித்திருந்தவள் தென்காசிப் பக்கமிருந்து வந்து ஹாஸ்டலில் தங்கியிருந்த ஒப்பந்தப் பெண். கையாளத் தெரியவில்லை என்று மேனேஜர் அவளுடைய அடையாள அட்டையை வாங்கி வைத்துக்கொண்டு, வேலைக்கு வேண்டாம் என்று அனுப்பிவிட்டார்.

அவளுடைய லைன் லீடர் அக்கா பிள்ளைப்பாக்கத்துக்காரர். நேராக என் மேஜைக்கு வந்தார். "இன்னா சார், ரெண்டாவது லைன் ஓடுனா எங்களுது நிக்குது. எங்களுது ஓடுனா அவங்களுது நிக்குது. இதுக்கு அந்தப் பொண்ணு இன்னா பண்ணும்?" லைன் நின்ற நேரங்களையெல்லாம் உள்ளங்கையில் பேனாவால் குறித்து வைத்திருந்தார். முந்தைய நாள் திரையில் வந்த கேள்வி எனக்கு நினைவுக்கு வந்தது. அவர் போனதும் இரண்டு முகவரிகளையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். ஒரு எழுத்துக்கூட மாறவில்லை. சத்தமில்லாமல் ஒன்றுக்குப் புது முகவரி கொடுத்தேன். இரண்டு லைனும் ஜோராக ஓடின. நானும் வாயை மூடிக்கொண்டேன். என் வேலையும் அப்போது நிரந்தரமாகவில்லை.

மதியம் கேன்டீனில் அக்கா எதிரே வந்து உட்கார்ந்தார். "பொண்ணு ரூம்ல பெட்டி கட்டிகினு கீது சார்." அவருக்கு என் தப்பு தெரியாது. அதுதான் என்னை இன்னும் கொன்றது. சோற்றைப் பிசைந்தபடியே விட்டுவிட்டு மேனேஜர் அறைக்குப் போய், "தப்பு என்னுது சார்" என்றேன். அவர் போட்ட சத்தம் வராந்தா வரைக்கும் கேட்டது. வாசலில் நின்றிருந்த அக்கா உள்ளே வந்து, அவர் மேஜைமேல் எடுத்துப் போட்ட அந்தப் பெண்ணின் அட்டையை எடுத்துக்கொண்டு ஸ்கூட்டியில் ஹாஸ்டலுக்குப் பறந்தார்.

இரண்டாவது ஷிப்டுக்கு வந்த அந்தப் பெண் என்னிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். "இத காலையிலயே சொல்லிருக்கலாம்லா சார்?" 

அக்கா இன்று ஷிப்ட் இன்சார்ஜ். நான் கணினிப் பிரிவுக்குத் தலைவன். தப்பைச் சொல்ல வருகிறவர்களை உட்காரவைத்துத்தான் பேசுகிறேன். போன வாரம் முதல் லைன் திடீரென்று நின்றது. நான் காரணம் தேட ஆரம்பிப்பதற்குள் போன் வந்துவிட்டது. அந்தப் பெண்தான்.

"சார், ஒண்ணும் தேடாதீய. நாந்தான் கால் தட்டி வயரப் பிடுங்கிட்டேன்" என்றாள், சிரித்துக்கொண்டே.