சந்தனம் அப்பிய அட்டை

மலாக்கா பக்கம் தங்கா பத்துவிலிருந்து சாரதா அக்காவின் மகள் முந்தாநாள் காலையில் போன் செய்தாள். "மாமா, அம்மா போயிட்டாங்க" என்றாள். போனை வைத்ததும் என் கை தானாகச் சட்டைப் பையைத் தடவியது. ஏன் என்று அக்காவோடு படித்தவர்களுக்குத் தெரியும். மற்றவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

மலாயாவில் வெள்ளைக்காரர்கள் காட்டுக் கம்யூனிஸ்டுகளோடு சண்டையிட்ட அவசரகாலத்தில், மலாக்கா நகரில் ஒரு மளிகைக் கடையின் மாடியில் இருந்தது எங்கள் கல்லூரி. பலகையில்தான் கல்லூரி. உள்ளே இரண்டு அறைகள், சரித்திரத்தையும் தர்க்கத்தையும் ஒரே மூச்சில் நடத்தும் ஒரு பிரின்சிபால், சீமைப் பல்கலைக்கழகப் பட்டத்தை இங்கிருந்தே எழுதி வாங்கிவிடும் கனவோடு நாங்கள் கொஞ்சம் பேர். தர்க்க வகுப்பு சூடு பிடிக்கும்போது கீழேயிருந்து கருவாட்டு வாசம் ஏறிவரும். "இதுவும் சிலபஸ்ல இருக்கா, சார்?" என்று அக்கா கேட்பார். கடைக்காரரின் மகள், எங்களில் மூத்தவர், வகுப்பில் ஒரே பெண்.

நான் ஜாசின் பக்கத்து ரப்பர் தோட்டத்திலிருந்து பஸ்ஸில் வருவேன். தோட்டத்தைச் சுற்றி முள்கம்பி வேலி. காட்டில் ஒளிந்திருப்பவர்களுக்குப் போய்விடும் என்று, கேட்டுக்கு வெளியே ஒரு பிடி சோறுகூடக் கொண்டுபோக விடமாட்டார்கள். நான் பகலில் பட்டினி என்று கண்டுபிடித்த நாளிலிருந்து அக்காவின் கேரியரில் எனக்கும் ஒரு தட்டு வந்தது. கூச்சப்பட்டால், "படிக்க வந்தவன் வயித்தோட சண்டை போடக்கூடாது தம்பி" என்பார்.

அந்த வருடம் சரஸ்வதி பூஜையை அக்காதான் முன்நின்று நடத்தினார். "எழுத்து இருக்கிற எதையும் கையில வச்சிக்காதீங்க. எல்லாம் ஆத்தா முன்னால" என்றார். புத்தகங்களுக்கு மேல் என் அடையாள அட்டையையும் வைத்தேன். அன்றைக்கு அதைவிடப் பெரிய எழுத்து எங்களுக்கு ஏது? பிரின்சிபால் எல்லாவற்றின் மீதும் சந்தனத்தைத் தாராளமாக அப்பினார். மறுநாள் காலைப் பூஜை முடியும்வரை எதையும் தொடக்கூடாது. வழியில் பஸ்ஸை நிறுத்தும் போலீஸ்காரர் என்னைத் தினமும் பார்ப்பவர் என்பதால் கவலையில்லாமல் பஸ் ஏறினேன்.

சாலைத் தடுப்பில் அந்தப் போலீஸ்காரர் இல்லை, முகம் தெரியாத சிப்பாய்கள் நின்றார்கள். மதியம் ஒரு தோட்டத்து லாரியை யாரோ எரித்துவிட்டார்களாம். "ஐசி மானா?" என்று மலாயில் அட்டையைக் கேட்டார்கள். சாமியிடம் இருக்கிறது என்று அவர்களிடம் எப்படிச் சொல்வது? ஜாசின் ஸ்டேஷனில் அடைத்தார்கள்.

என்னோடு அடைபட்டவர்களில், ரப்பர்ப் பாலுக்காகப் பால்மரம் வெட்டும் தொழிலாளி ஒருவரும் இருந்தார். "காலையில சாக்குக்காரன் வருவான், தம்பி" என்றார். கண்களுக்கு மட்டும் ஓட்டை போட்ட சாக்கைத் தலையில் மாட்டி ஒருவனைக் கூட்டிவருவார்கள். நம் எதிரே நின்று அவன் தலையசைத்தால் நாம் காட்டுக்காரர்களின் ஆள் என்று அர்த்தம்; தடுப்பு முகாம், அப்புறம் நான் பார்த்தே இராத இந்தியாவுக்குக் கப்பல். அவன் யார், ஏன் அசைத்தான் என்று யாரும் கேட்க முடியாது.

பஸ் கண்டக்டர் நகருக்குத் திரும்பிக் கடையில் சேதி சொல்லியிருக்கிறார். பூஜையைக் கலைக்கக்கூடாது, காலைப் பூஜை முடியட்டும் என்றாராம் பிரின்சிபால். "ஆத்தா கோவிச்சா நான் சமாதானம் பண்ணிக்கிறேன் சார். மாத்தாகிட்ட யாரு சமாதானம் பண்றது?" என்று சொல்லிவிட்டு அக்கா அட்டையை உருவிக்கொண்டார். மாத்தா என்றால் எங்கள் ஊரில் போலீஸ்.

காலையில் எங்களை முற்றத்தில் வரிசையாக நிறுத்தினார்கள். எனக்கு முன்னால் அந்தப் பால்மரக்காரர். சாக்கு அவர் எதிரே நின்றது. அசைந்தது. அவரை லாரியில் ஏற்றினார்கள். சாக்கு என் பக்கம் திரும்பியபோது வாசலில் அக்காவின் குரல் கேட்டது. ஊரடங்கு விலகியதும் முதல் பஸ்ஸைப் பிடித்து வந்திருந்தார்.

அதிகாரி சாக்குக்காரனை நிறுத்திவிட்டு, அக்கா நீட்டிய அட்டையைப் பார்த்துச் சந்தேகப்பட்டார். படத்தில் முகமே இல்லை, காய்ந்த சந்தனமும் குங்குமமும்தான். "முகத்தை ஏன் மறைத்தாய்?" என்று அதட்டினார். அக்கா முந்தானை நுனியை எச்சிலில் நனைத்து அவர் கண்ணெதிரே அழுத்தித் துடைத்தார். ஆத்தாளுக்கு வைத்த சந்தனம். மெல்ல என் கண்கள் வந்தன, பிறகு மூக்கு. அதிகாரி என்னையும் படத்தையும் மாறி மாறிப் பார்த்தார். "போ" என்றார்.

திரும்பும் பஸ்ஸில் அந்தப் பால்மரக்காரரைப் பற்றி அக்காவிடம் சொன்னேன்.

"உனக்கு நான் வந்தேன். அந்தண்ணனுக்கு யாரும் வரலையே, தம்பி."

பிறகும் அக்கா ஸ்டேஷனுக்குப் போய் அவரைப் பற்றி விசாரித்தார். அப்படி ஓர் ஆளே இல்லை என்றார்கள். நான் தேர்வு எழுதினேன், தேறினேன், வாத்தியாரானேன். அக்கா ஒவ்வொரு சரஸ்வதி பூஜைக்கும் என்னைக் கூப்பிடுவார். "அந்தண்ணன் பேராச்சும் கேட்டு வச்சிருக்கலாம்" என்பார்.

அந்தப் பழைய அட்டையை அரசாங்கம் திருப்பி வாங்கிக்கொண்டது. அக்காவிடமிருந்து எனக்கு மிஞ்சியது அந்த ஒரு குறைதான். நேற்று அவருக்கு வாய்க்கரிசி போட வரிசையில் நின்றேன். என் பங்குக்கு ஒரு பிடி போட்டேன். நகரச் சொன்னார்கள். நகரவில்லை. இன்னொரு பிடி எடுத்து, பெயர் தெரியாததால் "அண்ணன்" என்று மட்டும் சொல்லிப் போட்டேன்.