கண்ணாடியில் பார்த்த காயம்

மூன்று வருடங்களுக்கு முன், ஓர் ஐப்பசி மாதம். மகளைப் பெற்றுக்கொண்டு ஆஸ்பத்திரியிலிருந்து மலைமேல் செண்பகனூர் வீட்டுக்கு வந்து ஐந்து நாள் ஆகியிருந்தது. சுகப்பிரசவம்தான். ஆனால் பிறப்புறுப்பில் கிழிந்த இடத்தில் தையல் போட்டிருந்தார்கள். உட்கார்ந்தால் உயிர் போய் உயிர் வந்தது.

மலையடிவாரத்துப் பாலசமுத்திரத்திலிருந்து வந்து அம்மாதான் என்னைப் பார்த்துக்கொண்டார். உதிரப்போக்குக்குக் கடையில் வாங்கும் பேடு அரிக்கும் என்று பழைய பருத்திச் சேலையைக் கிழித்து எடுத்து வந்திருந்தார். அதை வெந்நீரில் அலசி, யார் கண்ணிலும் படாமல் கொடியில் ஒரு சேலைக்கு அடியில் காயப்போடுவார். பாலசமுத்திரத்தில் நடந்த அக்காவின் இரண்டு பிரசவத்துக்கும் இதே அம்மா, இதே பக்குவம். அவளுக்கு ஒன்றும் ஆகவில்லை. எனக்கு மட்டும் வலி நாளுக்கு நாள் ஏறியது, லேசாக வாடை வேறு. ஏன்? எதற்கெடுத்தாலும் கேள்வி கேட்கிற நான், இதை மட்டும் வெட்கப்பட்டு யாரிடமும் கேட்கவில்லை.

அன்று குழந்தையைப் பார்க்க சுகாதார நிலையத்து நர்சம்மா வந்தார். தொப்புளைப் பார்த்துவிட்டு, "ஒன் தையல் எப்பிடிம்மா இருக்கு?" என்றார்.

"தெரியலைங்க."

"பிள்ள தொப்புளத் தெனம் நாலு தடவ பாக்குறேல்ல? இதப் பாக்க மாட்டியா?"

கைக்கண்ணாடி வைத்துப் பார்க்கச் சொல்லித் தந்தார். பயமாக இருந்தது, ஆனாலும் பார்க்கும் ஆசை விடவில்லை. ஓர் ஓரம் சிவந்து வீங்கி, சீழ் வைத்திருந்தது. நர்சம்மா கொடியிலிருந்த துணியை எடுத்துக் கன்னத்தில் ஒற்றிப் பார்த்தார்.

"இன்னும் ஈரமாக் கெடக்கும்மா. கீழ ஒங்க ஊரு வெயில்ல ஒரு மணி நேரத்துல காஞ்சிரும். இங்க இந்தப் பனியில, அதுவும் சேலைக்கு அடியில போட்டா எப்பக் காயும்? ஈரத் துணியில கிருமி வளந்து தையல்ல ஏறிரும்ல."

அம்மா முகம் வாடிவிட்டது. "நாந்தேன் எம்பிள்ளைக்கு வெனை வச்சுட்டனா?"

"அதெல்லாம் இல்லைங்க. வெரசாக் கெளம்புங்க. காய்ச்சல் வந்துட்டா பெரிய சோலியாயிரும்."

ஆஸ்பத்திரியில் காயத்தைச் சுத்தம் செய்து மாத்திரை தந்தார்கள். அதன்பிறகு நாலு மணி நேரத்துக்கு ஒரு புதுப் பேடு. ஒவ்வொரு முறையும் சுத்தமான தண்ணீரில் முன்னிருந்து பின்னாகக் கழுவி, ஒற்றித் துடைப்பேன். தினமும் கண்ணாடியும் உண்டு. சிவப்பு மங்கி விளிம்புகள் ஒட்டி வந்ததை நான் வேடிக்கையே பார்த்தேன். அம்மாகூட, "இன்னைக்கு எப்பிடி இருக்கு?" என்று கூச்சமில்லாமல் கேட்கத் தொடங்கிவிட்டார்.

இப்போது மகள் தன் உடம்பில் ஒவ்வோர் இடமாகத் தொட்டு, "இது என்னம்மா?" என்று கேட்கிற வயது. எந்த இடத்தைத் தொட்டாலும் நான் "ச்சீ" என்று சொல்வதில்லை, பெயர் சொல்லித் தருகிறேன்.