வளர்ச்சி என்று சொல்லிவிட்டேன்

தொண்ணூறுகளில் காந்திபுரத்தில் ஒரு ஸ்கேன் சென்டரில் ரிப்போர்ட் கொடுக்கும் வேலையில் இருந்தேன். சேர்ந்த புதிதில் நான் செய்த தவறு இது.

சென்னிமலையிலிருந்து ஒரு தறிக்காரர், ஐந்து மாதக் கர்ப்பிணியான மனைவியுடன் வந்திருந்தார். ரிப்போர்ட்டை நீட்டி, "வயித்துல வளர்ச்சி நல்லாத் தெரியுதுங்க" என்றேன். அவர் முகம் வெளுத்துவிட்டது. ஒன்றும் கேட்காமல் மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டு வெளியேறினார்.

வரிசையில் நின்ற ஓர் அம்மாள்தான் சொன்னார்: "ஏனுங்க அம்மணி, அந்தப் புள்ளை அழுதுட்டே போகுது. வளர்ச்சின்னா கட்டிதானுங்களே?"

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. பஸ் ஸ்டாண்டுக்கு ஓடினேன். ஈரோடு பஸ்ஸில் ஜன்னலோரம் இருவரும் உட்கார்ந்திருந்தார்கள்.

"பாப்பா நல்லா வளருதுன்னுதானுங்க சொன்னேன்! கட்டி கிட்டி ஒண்ணுமில்லீங்க!" என்று மூச்சு வாங்கக் கத்தினேன்.

அவருக்குக் கண் கலங்கிவிட்டது. "எங்கம்மாளுக்கும் வயித்துல வளர்ச்சின்னுதானுங்க சொன்னாங்க. மூணே மாசத்துல போயிட்டாங்க" என்றார்.

அந்தப் பெண் அழுகையும் சிரிப்புமாக ஜன்னல் வழியே என் கையைப் பற்றிக்கொண்டாள். "பஸ்ஸு கெளம்பறதுக்குள்ள வந்துபோட்டீங்களே அக்கா, அது போதுமுங்க."

என்னைத் திட்ட அவர்களுக்கு எல்லா நியாயமும் இருந்தது. திட்டவில்லை.

எனக்கு அது தினமும் நூறு தடவை சொல்லும் வார்த்தை. ஒரு வீட்டில் அதே வார்த்தைக்குப் பிறகு சாவு விழுந்திருக்கும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. அதன் பிறகு யாருக்கு ரிப்போர்ட் கொடுத்தாலும், அவர்கள் முகம் தெளியும்வரை நின்று பேசிவிட்டுத்தான் நகர்வேன்.