கிணற்றுப் பக்கம் பச்சைச் சேலை

எனக்கு அந்தக் கூட்டம் பிடிக்காது. சாமியைச் சொல்லவில்லை, கூட்டத்தைச் சொல்கிறேன். ராஜபாளையத்தில் பஸ் ஏறினால் ஸ்ரீவில்லிபுத்தூர் அரை மணி நேரம். பக்கத்திலேயே இருப்பதால் தப்பிக்க வழியில்லை. வெளியூர்ச் சொந்தம் யார் வந்தாலும் முதலில் கோபுரம், பிறகு தாயார் சன்னதி, பிறகு கிணறு, கடைசியில் பால்கோவா. கூட்டிக்கொண்டு போய்க் கூட்டிக்கொண்டு வருவது என் வேலை.

கிணற்றின் கதை எல்லோருக்கும் தெரிந்ததுதான். துளசித் தோட்டத்தில் கிடைத்த பிள்ளை. சாமிக்குக் கட்டிய மாலையை முதலில் தன் கழுத்தில் போட்டுக்கொண்டு, அந்தக் கிணற்றுத் தண்ணீரில் குனிந்து அழகு பார்த்தாள். கட்டினால் அவனைத்தான் கட்டுவேன், வேறு எவனுக்கும் கழுத்தை நீட்ட மாட்டேன் என்றாள். சொன்னபடியே செய்தாள். அவள் யாரைக் கேட்டாள்? ஜாதகம் பார்த்தாளா, நிறம் பார்க்க ஆள் வந்தார்களா? ஒன்றும் இல்லை. அப்படிப்பட்டவள் இருக்கும் இடத்தில்தான் எங்கள் ஆட்கள் பெண்ணைக் கொண்டுபோய் நிறுத்தி, வருகிறவனுக்குக் காட்டுகிறார்கள்.

இந்த வழக்கம் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். பெண் பார்க்க வீட்டுக்கு வந்தால் தெருவுக்கே தெரிந்துவிடும். பிடிக்கவில்லை என்று போனால் பெண்ணுக்குக் கெட்ட பெயர். அதனால் கோயிலில் தற்செயலாகப் பார்ப்பது போலப் பார்ப்பார்கள். பெண் சாமி கும்பிட வந்திருப்பாள். மாப்பிள்ளை வீட்டாரும் சாமி கும்பிட வந்திருப்பார்கள். பிடித்தால் போன் வரும். பிடிக்காவிட்டால் சாமி கும்பிட்டதாகவே இருக்கட்டும், ஒருவருக்கும் அவமானம் இல்லை என்பார்கள். காலையில் குளித்துத் தலை சீவி, இன்றைக்கு எவனோ பார்க்கப் போகிறான் என்று பட்டு உடுத்தி நிற்கிறவளுக்கு அவமானம் இல்லையாம்.

எனக்கு முப்பது தாண்டிவிட்டது. பேண்டேஜ் துணி போடும் கம்பெனி ஒன்றில் பேக்கிங் பகுதிக்குப் பொறுப்பாக இருக்கிறேன். நிறம் கறுப்பு. இதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை, என் அம்மாவுக்குத்தான் வெட்கம். இந்த வரனைக் கொண்டுவந்தது என் அத்தை, அப்பாவின் தங்கை. மகாராஜபுரத்துப் பையன், போலீசில் இருக்கிறான், கொஞ்சம் நிலமும் உண்டு. அத்தைக்கு அவர்கள் வீட்டோடு பழக்கம். அவன் யூனிபார்ம் போட்ட படம் வந்தது. தொப்பி வைத்துக்கொண்டு சிரிக்காமல் நின்றான். பொய் சொல்ல மாட்டேன், எனக்குப் பிடித்திருந்தது. படத்தில் எல்லோரும் பல்லைக் காட்டும்போது ஒருத்தன் சும்மா நிற்கிறானே என்று தோன்றியது.

என் படத்தை அத்தை ஸ்டூடியோவில் கொடுத்து வேலை பார்த்துத்தான் அனுப்பினாள். அதை என்னிடம் காட்டியபோது அதில் என்னை நானே தேட வேண்டியிருந்தது. மாவில் முக்கி எடுத்தது போல ஒரு முகம். இதை அனுப்பாதே என்றேன். ஏற்கெனவே அனுப்பியாச்சு என்றாள்.

நான் ஒன்றுதான் கேட்டேன். அவன் என்னைப் பார்ப்பது போல நானும் அவனைப் பார்க்க வேண்டும், நாலு வார்த்தை பேச வேண்டும். அம்மா சரி என்றாள். அத்தை, "கோயில்ல வச்சு என்னத்தப் பேசுவ? மொதல்ல பாக்கட்டும், பொறவு பேசலாம்" என்றாள்.

பொங்கல் முடிந்த ஞாயிற்றுக்கிழமை. தை பிறந்துவிட்டதால் நாள் நல்ல நாள். ஊரில் இருந்த அத்தனை பேருக்கும் அதே நாள்தான் நல்ல நாளாக இருந்தது. பஸ்ஸில் இருந்து இறங்கியதில் இருந்தே ஆட்கள் உரசிக்கொண்டு போனார்கள். பால்கோவாக் கடைக்காரர்கள் கையில் கரண்டியோடு வழியை மறித்து, ருசி பாருங்க என்று வாய்க்கு நேரே நீட்டினார்கள். தின்றுவிட்டு இலைத்துண்டைக் காலடியிலேயே போட்டார்கள். ஒட்டின இலையை இழுத்துக்கொண்டே கோயிலுக்குள் நடந்தார்கள். தேர் நிற்கும் பக்கம் சுவரோரமாக மூத்திர நாற்றம். அதற்குப் பக்கத்திலேயே ஒரு குடும்பம் புளியோதரைப் பொட்டலத்தைப் பிரித்து வைத்துச் சாப்பிட்டது. வெயிலில் வரிசை நெளிந்தது. முன்னால் நின்றவனின் முதுகு வேர்வை என் கையில் பட்டது. பின்னால் நின்ற குழந்தை என் சேலையில் கையைத் துடைத்தது. அந்தச் சேலைதான் அடையாளம் என்பதால் அம்மா ஓரமாக நனைத்து நனைத்துத் துடைத்துக்கொண்டே வந்தாள்.

அடையாளம் இதுதான்: பச்சைப் பட்டு, கையில் துளசி மாலை, கிணற்றுப் பக்கம் நிற்பேன். அத்தை வாசலில் நின்று அவர்களைக் கூட்டிக்கொண்டு உள்ளே வந்து, எதேச்சையாக என்னைப் பார்த்தது போல, இது எங்க அண்ணன் மக என்று சொல்வாள். திட்டம் போட்டது அத்தை. அந்தத் தாயாருக்குப் பச்சை உகந்தது என்பதும், அன்றைக்கு வந்த பெண்களில் பாதிப் பேர் பச்சை உடுத்தியிருப்பார்கள் என்பதும், தினம் சாமி கும்பிடுகிற அவளுக்கு உறைக்கவில்லை.

சன்னதியில் கொடுத்து வாங்கிய துளசி மாலையோடு கிணற்றுப் பக்கம் போய் நின்றேன். அம்மாவுக்கு முழங்கால் வலி. தள்ளி ஒரு மண்டபத்தில் போய் உட்கார்ந்துவிட்டாள். கூட நிற்கவும் கூடாதாம், நின்றால் ஏற்பாடு என்று தெரிந்துவிடுமாம்.

அந்தக் கிணற்றுக்குள் பார்க்க ஒன்றும் இல்லை. இருட்டு, கம்பி. ஆனால் ஆணும் பெண்ணுமாக முண்டியடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தார்கள். போனில் படம் எடுக்காதீர்கள் என்று யாரோ சொல்லிக்கொண்டே இருந்தார். அவரையும் சேர்த்தே எடுத்துக்கொண்டிருந்தார்கள். புதுசாகக் கல்யாணமான ஒருத்தன் பெண்டாட்டியின் கழுத்தில் கை போட்டுக்கொண்டு, கிணற்றுக்கு முதுகைக் காட்டி நின்று, திரும்பத் திரும்ப நெற்றியில் முத்தம் கொடுத்தான். படம் சரியாக விழவில்லையாம். பக்கத்துத் தூணில் எவனோ ஆணியால் தன் பெயரையும் ஒருத்தி பெயரையும் கீறி, நடுவில் அம்பு விட்டிருந்தான். கல் வெள்ளையாகப் பெயர்ந்திருந்தது. இவர்களுக்கு அவள் கதை வேண்டாம், அவள் கிணறு மட்டும் படத்துக்கு வேண்டும்.

அப்போதுதான் அந்தப் பெண் வந்தாள். பச்சைப் பட்டு, சிவந்த நிறம், தாயாரைப் போலவே பக்கவாட்டில் சாய்த்துப் போட்ட கொண்டை. மதுரைப் பக்கம் போலத் தெரிந்தது. கூட வந்தவர்கள் கூட்டத்தில் மாட்டிக்கொண்டார்களாம், ஒரு வீடியோ எடுத்துத் தர முடியுமா அக்கா என்று போனை நீட்டினாள். வாங்கினேன். சும்மா நிற்பதற்கு அதையாவது செய்யலாம் என்று தோன்றியது. ஒரு தடவை குனிந்து பார்த்தாள், திருப்தி இல்லை. "அக்கா, அந்த மாலைய மட்டும் கொஞ்சம் தாங்களேன்" என்றாள். கொடுத்தேன். வாங்கித் தன் கழுத்தில் போட்டுக்கொண்டாள். கிணற்றில் குனிந்து, நிமிர்ந்து, கொண்டையைத் தொட்டு, வெட்கப்பட்டாள். நன்றாகத்தான் நடித்தாள். நான் அவள் சொன்ன பக்கமெல்லாம் நகர்ந்து நின்று எடுத்தேன்.

எடுத்துக்கொண்டிருக்கும்போதே, உயரமாக ஒருத்தன் இரண்டு பெண்களோடு வந்து நின்றதைப் பார்த்தேன். ஒட்ட வெட்டிய தலை, வெள்ளைச் சட்டை. வயதான அம்மா அவன் கையைக் கிள்ளி எதையோ காட்டினாள். அவன் பார்வை என் தலைக்கு மேலாகப் போனது. கூட்டத்தில் யாரோ என்று விட்டுவிட்டேன். தொப்பி இல்லாமல் எனக்கும் அடையாளம் தெரியவில்லை.

அந்தப் பெண் மாலையைக் கழற்றித் தந்துவிட்டு, தேங்க்ஸ்க்கா என்று போய்விட்டாள். நான் கால் கடுக்க நின்றேன். யாரும் வரவில்லை. அம்மாவே எழுந்து வந்து போகலாம் என்றாள். வெளியே அத்தையைப் பார்த்தபோது அவள் தலைமுடி கலைந்து, ஒரு செருப்போடு நின்றாள். தடுப்பைப் போட்டு அவளை வேறு பக்கம் திருப்பி விட்டுவிட்டார்கள். உள்ளே வர முடியாமல், போனிலேயே அவர்களுக்கு அடையாளம் சொல்லி அனுப்பியிருக்கிறாள். அவிய பாத்துட்டாகளாம், சாயங்காலம் சொல்லுதாகளாம் என்றாள். என்னை எப்போது பார்த்தார்கள், எங்கே நின்று பார்த்தார்கள் என்றுகூட எனக்குத் தெரியவில்லை.

சாயங்காலம் எங்கள் வீட்டில் இருந்தபோதே அத்தைக்குப் போன் வந்தது. அம்மாவும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டாள். மாப்பிள்ளையின் அம்மா பேசினாள். எங்களுக்கு ரொம்பப் பிடித்துவிட்டது என்றாள். போட்டோவில் இருந்த அதே நிறம் என்றாள். மாலையைப் போட்டுக்கொண்டு தாயாரே எழுந்து வந்தது போல இருந்ததாம். கொண்டை அழகாம். அத்தை ஆமாம் ஆமாம் என்று தலையை ஆட்டிக்கொண்டிருந்தவள், கொண்டை என்றதும் என் பின்னலைத் திரும்பிப் பார்த்தாள்.

கடைசியாக அந்த அம்மா கேட்டாள்: "பொண்ணுக்குப் போன் பிடிச்சுக்கிட்டு நின்னாளே கருத்த பிள்ளை, அது யாரு? கூட வேலை பாக்குதவளா?"

அம்மா சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டாள். அத்தை ஒரு கணம்தான் யோசித்தாள். "ஆமாக்கா. சிநேகிதப் பிள்ளை" என்றாள்.

போனை வைத்த பிறகு என்ன நடந்ததென்று நான் விளக்கினேன். அவர்கள் சிரிப்பார்கள், அல்லது தலையில் அடித்துக்கொள்வார்கள் என்று எதிர்பார்த்தேன். இரண்டும் இல்லை. பிடித்திருக்கிறது என்று அவர்கள் வாயாலேயே வந்துவிட்டதாம், அதை விடக்கூடாதாம். அடுத்த வாரம் பூ வைக்க வரும்போது நல்ல பியூட்டி பார்லராகப் பார்த்து உட்கார்த்திவிடலாமாம். கொண்டையும் போட்டுவிடலாமாம். சாயங்காலமாக வரச் சொல்லலாம், வெளிச்சத்தில் தெரியாது. கொஞ்சம் வித்தியாசம் தெரிந்தாலும், வெயிலில் அலைந்து கறுத்துவிட்டாள் என்று சொல்லலாம்.

"தாலி கட்டுத வரைக்கும் சமாளிச்சுட்டாப் போதும், மதினி. பொறவு என்ன செய்வான்?" என்றாள் அத்தை.

அம்மா என்னைப் பார்க்காமல், "எம்புட்டு நாளைக்கித்தான் இவளை வீட்டுலயே வச்சிருக்க" என்றாள்.

எவளோ ஒருத்தியின் முகத்தை என் மேல் பூசி அனுப்பப் பார்க்கிறார்கள். அதுவும் என்னைப் பெற்றவளும், தோளில் தூக்கி வளர்த்தவளும். அவன் வீட்டில் விடிந்ததும் முகம் கழுவினால் நான் யார்? வாழ்நாள் முழுவதும் அவன் என் தலைக்கு மேலாக அந்தக் கொண்டைக்காரியைத் தேடிக்கொண்டிருப்பான். நான் போனைப் பிடித்துக்கொண்டே நிற்க வேண்டும்.

மறுநாள் காலையில் கம்பெனிக்குப் போகும் வழியில் அவனுக்கு நானே போன் செய்தேன். அத்தை அனுப்பிய ஜாதகத்திலேயே நம்பர் இருந்தது. பேரைச் சொன்னதும் அவன் குரல் குழைந்தது. நேற்று பார்த்ததைப் பற்றி ஏதோ சொல்ல ஆரம்பித்தான்.

"நீங்க பாத்தது என்னைய இல்ல" என்றேன். "போன் பிடிச்சுக்கிட்டு ஒருத்தி நின்னாள்லா, கருத்த பிள்ளை. அதுதான் நான். போட்டோவுல இருக்கது ஸ்டூடியோக்காரன் கலரு."

போனைக் காதில் அழுத்திக்கொண்டு காத்திருந்தேன். ஒரு வார்த்தை நல்லதாகச் சொல்லிவிட மாட்டானா என்று இருந்தது. வேண்டாம் என்று சொன்னால்கூடப் போதும்.

"அப்ப அந்தப் பிள்ளை யாரு?" என்றான்.

"தெரியாது."

"எந்த ஊருன்னு எதுவும் சொன்னாகளா? நம்பர் வாங்குனியளா?"

"போலீஸ்தான நீங்க. தேடிக் கண்டுபிடிங்க" என்று சொல்லிவிட்டு வைத்தேன்.

அன்றைக்கு வீட்டில் பெரிய சண்டை. அம்மா சாப்பிடவில்லை. அத்தை என் வாயைப் பற்றி என்னவெல்லாமோ சொன்னாள். என் அப்பா பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்றவர், வீட்டு விவகாரத்தில் வாயே திறக்க மாட்டார். அன்றைக்கு டிவியை அணைத்துவிட்டு, தங்கையைப் பார்த்து, "போலீஸ்காரன் வீட்டுக்கே ஆள்மாறாட்டமா? உள்ள தூக்கி வச்சிருப்பான், தப்பிச்ச" என்றார். பிறகு டிவியைப் போட்டுக்கொண்டார். அவ்வளவுதான் அவர் பேசியது. எனக்கு அது போதுமாக இருந்தது.

இனிமேல் என்னைப் பார்க்கிறவன் வீட்டுக்கு வந்து உட்கார்ந்து, காப்பி குடித்து, என்னிடம் பேசட்டும் என்று சொல்லிவிட்டேன். தெருவே பார்க்கட்டும். பிடிக்காவிட்டால் என் முகத்தைப் பார்த்துச் சொல்லிவிட்டுப் போகட்டும். அப்படி எவன் வருவான் என்றாள் அம்மா. இதுவரை யாரும் வரவில்லை.

இப்போது அத்தை தன் மகளுக்குப் பார்க்க ஆரம்பித்திருக்கிறாள். போன வாரம் மகளையும் கூட்டிக்கொண்டு வந்து அந்தப் பச்சைப் பட்டைக் கேட்டாள். உனக்குத்தான் ராசியில்லை, அவள் உடுத்தட்டும் என்றாள். எந்தக் கிணற்றுப் பக்கம் நிறுத்தப் போகிறாள் என்று நான் கேட்கவே இல்லை.

"நெறம் ஏத்தாத போட்டோவக் குடு. வாரவனை வீட்டுக்குள்ள கூப்பிட்டு உக்கார வையி. அன்னைக்கு நானே வந்து உடுத்தி விடுதேன்" என்றேன்.

அத்தை திட்டிக்கொண்டே தெருவில் இறங்கி நடந்தாள். அந்தப் பிள்ளையும் என் நிறம்தான். அத்தை கூப்பிடுவது காதில் விழுந்தும், செருப்பை மாட்டுவது போல வாசலில் கொஞ்ச நேரம் நின்றது. "அக்கா, சேலையக் குடுத்துராத" என்று மெதுவாகச் சொல்லிவிட்டுப் போனது.