காதரின் கேமராவும் முனுசாமியின் கையும்

காதர் போய்விட்டான்.

இப்போதுதான் அவன் மகள் போன் செய்தாள். தண்டையார்பேட்டை வீட்டில், காலையில் டீ குடித்துவிட்டு உட்கார்ந்த இடத்திலேயே...

எண்பதைத் தாண்டிய கண் எனக்கு. எழுத்துப்பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஐம்பதுகளின் கடைசி. திருவொற்றியூரில் ஒரு இரும்பு கம்பெனியில் நாங்கள் இருவரும் ஒரே ஷிப்ட். மூர் மார்க்கெட்டில் செகண்ட் ஹேண்டில் வாங்கிய ஃபோல்டிங் கேமரா ஒன்று காதர் வைத்திருந்தான். எப்போது காலை வாரும் என்று அவனுக்கே தெரியாது.

என் அக்கா கல்யாண போட்டோவில் எல்லார் முகத்திலும் வெள்ளைக் கோடு. அக்கா அப்புறம் அவனோடு பேசவே இல்லை.

ரூமை இருட்டாக்கி, கேமராவுக்குள் டார்ச் அடித்துப் பார்த்தோம். லென்ஸுக்குப் பின்னால் நீளும் தோல் மடிப்பு முழுக்க ஊசி ஓட்டை.

"இன்னா மாமு, கொசுவலை மாதிரி கீது!" என்றான் காதர்.

கறுப்புத் துணி வெட்டி ஒட்டினான். வெளிச்சக் கசிவு நின்றது. ஆனால் ஷட்டர்... கடல் காற்றில் திறந்தபடியே மாட்டிக்கொள்ளும். எண்ணெய் விட்டான், துடைத்தான், சரியாகவில்லை.

அப்போதுதான் முனுசாமி அண்ணனுக்கு அது நடந்தது. நெட்டுக்குப்பத்துக்காரர், எங்கள் ஷிப்ட்தான். தகடு அழுத்தும் பிரஸ் மெஷின் அவர் வலது கை விரல்களை எடுத்துவிட்டது.

அந்த மெஷினுக்குப் பல மாதமாகப் பாதுகாப்புத் தடுப்பே கிடையாது. மேனேஜரோ, "அவனே கழட்டிட்டு வேலை செஞ்சிருக்கான்" என்றார். அண்ணன் வேலை போகும் நிலை.

மறுநாள் மத்தியானம் புதுத் தடுப்பு மாட்டப் போவதாகத் தகவல். மாட்டிவிட்டால் முடிந்தது கதை, சாட்சியே இருக்காது.

காதர் சோற்றுப் பையில் கேமராவைக் கொண்டுவந்தான். வேறு கேமராவுக்கு எங்கே போவது?

சாப்பாட்டு நேரம். நான் வாசலில் காவல். உள்ளே 'கிளிக்'. பிறகு காதரின் குரல்.

"பேஜாரு மாமு... ஷட்டரு தொறந்துகினு நின்னுச்சு."

"வந்துட்றா!"

"இரு. தொறந்தே கெடக்கட்டும்."

டிபன் மூடியால் லென்ஸை மறைத்து, பிலிமைச் சுற்றி, கேமராவை ஒரு பெட்டிமேல் வைத்தான். இனி மூடிதான் ஷட்டர்: அதை எடுத்து, மனசுக்குள் எண்ணி, திரும்ப மறைக்க வேண்டும். கை ஆடக் கூடாது.

அந்த நேரம் பார்த்து மேஸ்திரி.

"இன்னாடா, துன்னப் போவாம நின்னுகினு கீற?"

"தலை சுத்துது மேஸ்திரி... நேத்து அந்த ரத்தத்தப் பாத்ததுலர்ந்து."

முழுப் பொய்யும் இல்லை.

என் முகத்தையே பார்த்தார். "குந்து. தண்ணி எட்தாறேன்" என்று திரும்பிப் போனார்.

அவர் வருவதற்குள் காதர் பையோடு வெளியே வந்துவிட்டான். சட்டை முழுக்க வேர்வை.

ராயபுரம் ஸ்டுடியோவில் பிலிமைக் கழுவியதில் ஒரே ஒரு படம் தேறியது. தடுப்பு மாட்டும் போல்ட் ஓட்டைகளில் துருவும் கிரீஸ் அழுக்கும் அடைந்து கிடந்தன. முந்தின நாள் கழற்றியதென்றால் எப்படி அடையும்?

விசாரணையில் தொழிற்சங்கத்துக்காரர்கள் அதை மேஜைமேல் வைத்தார்கள். அண்ணனுக்கு வேலை போகவில்லை, ஸ்டோருக்கு மாற்றினார்கள். விரல்கள்... போனது போனதுதான்.

"இனிமே இத நம்பமாட்டேன் மாமு" என்று காதர் அந்தக் கேமராவை மூர் மார்க்கெட்டிலேயே கொடுத்துவிட்டு வேறு வாங்கினான். அதில் முதல் படம் எடுத்தது முனுசாமி அண்ணனை. ராயபுரம் கடற்கரையில்.

"கைய பின்னால வெச்சிக்கண்ணே" என்றேன் நான்.

"இன்னாத்துக்கு? தெரியட்டும்" என்று அந்தக் கையை நெஞ்சின்மேல் வைத்துக்கொண்டு நின்றார்.

ஷட்டர் சுத்தமாக அடித்தது. காதர்தான் நம்பவில்லை. "ஆடாதண்ணே, இன்னொன்னு..." என்று ரோல் தீரும்வரை எடுத்துக்கொண்டே இருந்தான்.

சாயங்காலம் அஸர் தொழுகைக்கு அப்புறம் அவனுக்கு அடக்கம். முழங்கால் ஒத்துழைக்காது. ஆட்டோ சொல்லியிருக்கிறேன்.

வர்றேன்டா காதரு.